தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு சிலந்தி
(வாசகர் கேள்வி – பதில்)

சென்ற இதழில் என் வீட்டு வராந்தாச் சிலந்தியைப் பற்றிப் பத்து வரி எழுதினேன். முடிக்கும்போது, “நம் மொரீஷியஸ் தீவில் இன்னும் பெயர் வைக்காத சிலந்திகள் எத்தனையோ இருக்கும்” என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டுவிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் இத்தனை கடிதம். ஒருவர் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டாராம். மூடி சரியாக மூடவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்ததாம். ஆகவே இந்த முறை வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை. முழுக்கச் சிலந்திதான்.

முன்பே சொல்லிவிடுகிறேன், நான் சிலந்தி ஆராய்ச்சியாளர் இல்லை. முப்பத்தோரு வருடம் பள்ளியில் உயிரியல் நடத்தியவள். ஒரு சமயம் வெளிநாட்டிலிருந்து வந்த ஆய்வாளர்களோடு மக்காபே காட்டில் இரண்டு வாரம் பாட்டில் தூக்கிக்கொண்டு அலைந்தேன். ராத்திரியில் அவர்கள் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்தேன். அங்கே பார்த்ததும் அதற்குப் பிறகு படித்ததும்தான் என் கைச்சரக்கு.

கேள்வி: மிஸ், எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பெரிய சிலந்தியைப் பிடித்திருக்கிறேன். தட்டை உடம்பு, பழுப்பு நிறம், கால் விரித்தால் என் உள்ளங்கை அளவு. போன் செயலியில் படம் போட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பெயர் வருகிறது. அப்படியானால் இது புது இனமா? நான் பெயர் வைக்கலாமா? படம் இணைத்திருக்கிறேன். — ஒன்பதாம் வகுப்பு மாணவன், கத்ர் போர்ன்

தம்பி, செயலி குழம்பினால் சிலந்தி புதிது என்று ஆகிவிடாது. படம் தெளிவாக இல்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். நீ அனுப்பிய இரண்டு படமும் நீலப் பிளாஸ்டிக் வாளிக்குள் மேலிருந்து எடுத்தவை. ஒன்றில் சிலந்தியைவிட உன் கட்டைவிரல் நன்றாகத் தெரிகிறது.

ஆனாலும் கொஞ்சம் சொல்லலாம். கால்கள் நண்டு மாதிரி பக்கவாட்டில் விரிந்திருக்கின்றன. முகத்தில், கண்களுக்குக் கீழே, வெளிறிய பட்டை ஒன்று. வலை கிடையாது என்கிறாய். வெப்பநாட்டுத் துறைமுக ஊர்களில் எல்லாம் வீடுகளுக்குள் ஓடித் திரிந்து கரப்பான் பிடிக்கும் சிலந்தி ஒன்று உண்டு. பக்கத்துத் தீவான ரெயூனியன்காரர்கள் அதை ‘பாபூக்’ என்பார்கள். லத்தீன் பெயர் ஹெட்டெரோபோடா வெனடோரியா. பெண் சிலந்தி, முட்டைகளை வெள்ளை வட்டத் தட்டு மாதிரி நெய்து வயிற்றுக்கு அடியில் இடுக்கிக்கொண்டே திரியும். குளியலறைச் சுவரில் பார்த்து நீ அலறியிருப்பாய், உன் அம்மாவும் அலறியிருப்பார்.

இதற்கு 1767இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் பெயர் வைத்துவிட்டார். ஆனால் அது சரக்குக் கப்பல்களில் ஏறி ஊர் ஊராகப் போய்விட்டது. போன இடத்திலெல்லாம் அங்கிருந்த ஓர் அறிஞர் அதைப் பிடித்து, “ஆகா, புது இனம்!” என்று புதுப் பெயர் வைத்தார். அப்படி வைத்த பெயர்களின் பட்டியல் நீளமானது. எல்லாம் ஒரே சிலந்திதான் என்று பிற்காலத்தில் கண்டுபிடித்து, லின்னேயஸின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஓரம் கட்டினார்கள். நீ இன்று செய்யப் பார்ப்பதைத் தாடி வைத்த பெரியவர்களே பல தடவை செய்திருக்கிறார்கள். வெட்கப்படாதே.

இப்படிச் சொன்னேனே தவிர, உன் சிலந்தி அதுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஏனென்றால் ஒரு சிலந்தியைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி “என்ன இனம்?” என்பதல்ல. “இது வயசுக்கு வந்ததா?” என்பதுதான். குஞ்சுச் சிலந்தியை வைத்து யாரும் இனம் சொல்லத் துணிய மாட்டார்கள், புது இனமாக விவரிக்கவும் மாட்டார்கள்.

வயசை எங்கே பார்ப்பது? வாய்க்கு இரண்டு பக்கமும் கால் மாதிரியே, ஆனால் குட்டையாக, இரண்டு உறுப்பு நீட்டிக்கொண்டிருக்கும். பால்ப் என்று பெயர். ஆண் சிலந்திக்கு அதன் நுனி குத்துச்சண்டைக் கையுறை மாதிரிப் புடைத்திருக்கும். கடைசிச் சட்டை கழற்றும் வரை அந்தக் கையுறை வெறும் மொழுமொழுதான். கழற்றிய பிறகுதான் கொக்கி, முள், சுருள் குழாய் என்று உள்ளே இருப்பது வெளியே தெரியும். விந்தைப் பெண்ணிடம் சேர்ப்பது அந்தக் குழாய்தான். பெண்ணுக்கு வயிற்றின் அடிப்பக்கம், முன்பாதியில், கெட்டியான சின்னத் தகடு ஒன்று இருக்கும், எபிஜைன் என்பார்கள். நிறமும் கோடும் ஒரே இனத்துக்குள்ளேயே மாறும், வயதுக்கு வயது மாறும். இந்த இரண்டு உறுப்புகளின் வடிவம் அப்படி லேசில் மாறாது. அதனால் சிலந்தி இனங்களைப் பிரித்துச் சொல்கிற புத்தகம் எதைத் திறந்தாலும் பக்கத்துக்குப் பக்கம் அந்த உறுப்புகளின் படம்தான். என் மாணவிகள் புத்தகத்தை மூடிவிட்டுச் சிரிப்பார்கள்.

உன் படத்தில் பால்ப் மெலிந்திருக்கிறது. ஒன்று அது பெண், இல்லையென்றால் குஞ்சு. அடிவயிறு தெரியவில்லை. ஒளி ஊடுருவும் பெட்டியில் விட்டு, அடிப்பக்கத்திலிருந்து ஒரு படம், முகத்துக்கு நேரே ஒரு படம், பக்கத்தில் அடிக்கோல் வைத்து எடுத்து அனுப்பு. முகப் படத்தில் கண்களை எண்ணிப் பார்: எட்டு இருக்க வேண்டும், நாலு நாலாக இரண்டு வரிசை.

கேள்வி: டோடோ பறவையின் பெயரில் நம் நாட்டுச் சிலந்தி ஒன்று இருக்கிறது என்று என் மகள் சொல்கிறாள். நிஜமா, கதையா? — இல்லத்தரசி, ரோஸ் ஹில்

நிஜம் அம்மா. எனக்கு மிகவும் பிடித்த சிலந்தியும் அதுதான்.

மரத்தண்டிலோ சுவர் ஓரத்திலோ வலை கட்டும். வலையின் மேல்விளிம்பிலிருந்து பட்டு நூலால் ஒரு குழாய் நெய்து, அதைப் பட்டை இடுக்குக்குள் கொண்டுபோய் விட்டிருக்கும். பகல் முழுவதும் பெண் சிலந்தி அந்தக் குழாய்க்குள் உட்கார்ந்திருக்கும். இருட்டிய பிறகுதான் வலையின் நடுவுக்கு வரும். இந்த வகைக்கே துறவிச் சிலந்தி என்று பேர் வந்தது அதனால்தான். பகலில் தேடுகிறவருக்கு வெறும் வலைதான் கிடைக்கும். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ராத்திரி ஒன்பது மணிக்கு மரம் மரமாகப் போனதெல்லாம் இதற்காகத்தான்.

ரெயூனியனில் ஓகுஸ்த் வின்சன் என்று ஒரு டாக்டர் இருந்தார். ரெயூனியன், மொரீஷியஸ், மடகாஸ்கர் மூன்றின் சிலந்திகளையும் பற்றி 1863இல் ஒரு புத்தகம் போட்டார். அதில் ஒரு துறவிச் சிலந்திக்கு ‘போர்போனிக்கா’ என்று பெயர் வைத்தார். ரெயூனியனின் பழைய பெயர் போர்போன் அல்லவா, அதிலிருந்து. நம் தீவில் இருப்பதும் அதேதான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். 2011இல் ஸ்லோவேனியாவின் மத்யாஷ் குன்ட்னரும் ஐஸ்லாந்துக்காரர் இங்கி அக்னார்சனும் மரபணுவையும் உடல் அமைப்பையும் சேர்த்துப் பார்த்து, மொரீஷியஸில் இருப்பது தனி இனம் என்று அறிவித்தார்கள். அதற்கு ‘டோடோ’ என்று பெயர் வைத்தார்கள்.

நடுவில் 148 வருடம். அத்தனை நாளும் அது இங்கேதான் இருந்தது, நம் தாத்தா பாட்டிகள் கரும்புக் காட்டுக்குப் போகும் வழியில் முகத்தில் ஒட்டிய வலையைத் துடைத்துப் போட்டிருப்பார்கள். யாரும் பார்க்காத சிலந்தி என்று அதைச் சொல்ல முடியாது. பார்த்தவர்கள் எல்லாரும் பக்கத்துத் தீவின் பெயரைச் சொல்லி அழைத்தார்கள், அவ்வளவுதான். டோடோ பறவை 1662க்குப் பிறகு கண்ணில் பட்டதாக நம்பகமான குறிப்பு கிடையாது. அதன் பெயரைச் சுமக்கிற சிலந்தியாவது கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும்.

கேள்வி: மேற்படி சிலந்தியைப் பற்றியே கேட்கிறேன். வின்சன் எங்கள் ஊர்க்காரர். அவர் ஒன்று என்று சொன்னதை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மொரீஷியஸ் கொண்டுபோய்விட்டது. பார்க்க ஒன்று போலத்தானே இருக்கின்றன? — வாசகர், சேந்த் ஆந்த்ரே, ரெயூனியன்

கோபம் புரிகிறது. ஆனால் ஐயா, உங்களுக்கு எதுவும் போகவில்லை. வின்சன் வைத்த பெயர் உங்கள் தீவிலேயே இருக்கிறது. பெயர் இல்லாமல் நின்றது நாங்கள்தான்.

ஓர் இனத்தை இரண்டாக்கும்போது பழைய பெயர் யாருக்கு என்பதில் சண்டைக்கு இடமில்லை. முதலில் பெயர் வைத்தபோது எந்த உடலைக் கையில் வைத்துக்கொண்டு வைத்தார்களோ, அந்த உடல் எந்தப் பக்கம் சேர்கிறதோ, பெயர் அந்தப் பக்கம். சொத்துக்குப் பத்திரம் மாதிரி. மற்றதற்குப் புதுப் பெயர் தேட வேண்டும்.

“பார்க்க ஒன்று போலத்தானே” என்பதற்கு வருகிறேன். பார்க்க என்றால் எதை, எத்தனை மடங்கு பெரிதாக்கி என்று கேட்க வேண்டும். அதோடு இப்போது மரபணுவும் சேர்ந்துகொண்டது. சி.ஓ.ஐ. என்ற மரபணுவிலிருந்து சுமார் 650 எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டைப் படித்து, இரண்டு தீவுகளையும் வரிக்கு வரி ஒப்பிடுகிறார்கள். ஒரே இனத்துக்குள் சில எழுத்துதான் மாறும். இரண்டு இனமானால் வித்தியாசம் கூடும். எத்தனை எழுத்து மாறினால் தனி இனம் என்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட கணக்கு கிடையாது. அதனால்தான் மரபணுவை மட்டும் வைத்துப் பிரிப்பதை நான் அரைமனதோடுதான் ஏற்பேன். உடம்பும் மரபணுவும் ஒரே பதிலைச் சொன்னால் வாயை மூடிக்கொள்வேன்.

நமக்கிடையே இருநூறு கிலோமீட்டர் அளவில் கடல் இருக்கிறது. குஞ்சுச் சிலந்தி உயரமான இடத்தில் ஏறி, பின்பக்கத்தைத் தூக்கி, நூலைக் காற்றில் விட்டுப் பறந்துவிடும். 1832இல் பீகிள் கப்பல் தென் அமெரிக்கக் கரையிலிருந்து அறுபது மைல் தள்ளி நின்றபோது, கயிறுகளில் எல்லாம் குட்டிச் சிலந்திகள் வந்து இறங்கியதை டார்வின் பார்த்து எழுதியிருக்கிறார். அப்படி என்றைக்கோ வந்து இறங்கியவை, வேறு யாரும் பின்னால் வராததால், தம்பாட்டில் பிரிந்து போயின. உங்கள் பேச்சும் எங்கள் பேச்சும் பிரிந்தது போல.

இன்னொரு சின்ன விஷயம். சிலந்தியின் லத்தீன் பெயருக்குப் பக்கத்தில் வின்சன் பெயரும் 1863ம் இப்போது அடைப்புக்குறிக்குள் அச்சாகும். அவரை மட்டம் தட்டுவதாக நினைக்காதீர்கள். இனம் அதேதான், ஆனால் அது சேர்ந்திருந்த பேரினம் (நெருங்கிய இனங்களின் கூட்டம்) பிறகு மாறிவிட்டது என்று அந்த அடைப்புக்குறிக்குப் பொருள். இந்தச் சிலந்திகளுக்கு 2013இல் நெஃபிலிங்கிஸ் என்று புதுப் பேரினம் அமைத்துக் குடி மாற்றினார்கள். பழைய வீடான நெஃபிலெங்கிஸில் தங்கிவிட்ட ஆசியச் சிலந்தி ஒன்றின் பெயர் ‘மலபாரென்சிஸ்’. உங்கள் தீவில் தமிழ் வம்சத்தாரை ‘மல்பார்’ என்றுதானே கூப்பிடுகிறார்கள்? சொந்தக்காரச் சிலந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடித்தால் விஷம் ஏறுமா? — பல வாசகர்கள்

அனேகமாக எல்லாச் சிலந்திக்கும் விஷம் உண்டு, அது பூச்சியைக் கொல்ல. மனிதருக்கு ஆபத்தானவை மிகக் கொஞ்சம். வெறுங்கையால் பிடிக்காதீர்கள். டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகுங்கள்.

கேள்வி: காட்டில் பிடித்த ஒரு சிலந்தியை ரம் பாட்டிலில் போட்டு மூன்று மாதமாக வைத்திருக்கிறேன். ஆராய்ச்சிக்கு ஆகுமா? — வாசகர், மாயபூர்

ஆகாது. குடிக்கவும் ஆகாது.

சிரிக்கவில்லை ஐயா, நானே செய்த தப்பு இது. இளம் ஆசிரியையாக இருந்தபோது, மழை நாளில் ஒரு மரப்பொந்தில் பச்சை மினுக்கும் சிலந்தி ஒன்று பிடித்தேன். அச்சார் பாட்டிலைக் கழுவி, வீட்டில் இருந்த ரம்மை ஊற்றி அதில் போட்டேன். இடம், தேதி எல்லாம் பால்பாயிண்ட் பேனாவில் அழகாக எழுதி, சீட்டை உள்ளேயே போட்டேன். நாலு மாதம் கழித்து, தெரிந்த ஒருவரிடம் காட்ட எடுத்தால், ரம் நீலமாக இருந்தது, சீட்டு வெள்ளையாக இருந்தது. சிலந்தி களிமண் மாதிரி. மினுக்கம் போன இடம் தெரியவில்லை. அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எங்கே பிடித்தீர்கள்?” என்றார். பெல் ஓம்ப்ரா, பிளேன் ஷாம்பாஞா என்று எனக்கே ஞாபகம் வரவில்லை. கடுகு வாடை மட்டும் நன்றாக வந்தது.

ரம் ஏறக்குறைய நாற்பது சதவீதம்தான், அதில் உடம்பு அழுகிவிடும். சிலந்திக்கு எழுபது, எழுபத்தைந்து சதவீத எத்தனால் வேண்டும். அதற்கு மேல் போனால் கால் விறைத்து, தொட்டால் ஒடியும். மரபணு பார்க்க வேண்டுமென்றால் மட்டும் ஒரு காலைக் கழற்றி, தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட எத்தனாலில் தனியாக வைப்பார்கள். சீட்டைப் பென்சிலால் எழுத வேண்டும், பாட்டிலுக்கு உள்ளே போட வேண்டும். வெளியே ஒட்டினால் கழன்றுவிடும். பென்சில் கரி சாராயத்தில் கரையாது. இதைச் சொல்லிக்கொடுத்தபோது எனக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகியிருந்தது.

சீட்டில் இருப்பது உண்மையாக இருந்தாலும் சில சமயம் ஏமாற்றும் என்பதற்கு இந்தியாவிலேயே ஓர் உதாரணம் உண்டு. உலோக நீலத்தில் பளபளக்கும் பெரிய மரச்சிலந்தி ஒன்று, பொய்சிலோதேரியா மெட்டாலிக்கா. 1899இல் போகாக் என்ற ஆங்கிலேயர் விவரித்தார். கிடைத்த இடம் ஆந்திராவின் குத்தி ரயில் நிலைய மரக்கிடங்கு. மரத்தோடு மரமாக ரயிலில் வந்திருக்கிறது, பாவம். அதன் உண்மையான காட்டைக் கண்டுபிடிக்க 2001 வரை ஆயிற்று, அதுவும் அங்கிருந்து நூறு கிலோமீட்டர் அளவு தள்ளி.

கேள்வி: ஒரு சிலந்தி புது இனம் என்று தெரிந்த பிறகு அதை எப்படி “விவரிக்கிறார்கள்”? என்னதான் எழுதுவார்கள்? — தமிழ் ஆசிரியர், போர்ட் லூயிஸ்

நீங்கள் தமிழ் ஆசிரியர், கேசாதிபாதம் என்றால் உங்களுக்குப் புரியும். கிட்டத்தட்ட அதுதான். தலையில் ஆரம்பித்துக் கால் வரை போகும், உவமை மட்டும் வராது.

முதலில் ஒரே ஓர் உடலைத் தேர்ந்தெடுப்பார்கள். ஹோலோடைப் என்று பெயர். அந்தப் பெயரை என்றென்றும் சுமக்கப் போவது அந்த ஓர் உடல்தான். பிற்காலத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். அதனால் அதைப் பொதுவான அருங்காட்சியகம் ஒன்றில் எண் போட்டு வைப்பார்கள். கூடக் கிடைத்தவை பாராடைப்.

அப்புறம் அளப்பது. உடல் நீளம், தலைநெஞ்சின் நீள அகலம், கண்களின் விட்டம், கண்ணுக்கும் கண்ணுக்கும் இடைவெளி. ஒரு காலில் ஏழு கணு, உடம்பை ஒட்டிய இரண்டை விட்டு மற்ற ஐந்தையும் பெரும்பாலும் மில்லிமீட்டரில் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரைக்கும் அளப்பார்கள். எட்டுக் காலையும் அளக்கத் தேவையில்லை, இடமும் வலமும் ஒன்றுதான். கடைசியில் “1243” என்று ஓர் எண் வரும். முதல் கால்தான் நீளம், அடுத்தது இரண்டாவது, பிறகு நாலாவது, எல்லாவற்றிலும் குட்டை மூன்றாவது என்று அதை வாசிக்க வேண்டும். எனக்கு அது வீட்டுப் பூட்டின் எண் மாதிரித் தோன்றும்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஒரு வேலை மட்டும் மறக்கவில்லை. பெண் சிலந்தியின் அந்த அடிவயிற்றுத் தகடு குண்டூசித் தலையைவிடச் சின்னது. அதை ஊசிமுனையால் வெட்டி எடுத்தார்கள். ஒரு குழிக்கண்ணாடியில் இரண்டு சொட்டு கிராம்புத் தைலம் விட்டு அதில் போட்டார்கள். அறை முழுக்கப் பல்வலி மருந்து வாசனை. கால்மணி நேரத்தில் பழுப்புத் தகடு தேன் போலத் தெளிந்து, உள்ளே சுருண்டு சுருண்டு போகும் குழாய்கள் தெரிய ஆரம்பித்தன. ஆய்வாளர்களில் ஒரு அம்மாள் ஒரு கண்ணை லென்ஸில் வைத்தபடி காகிதத்தைப் பார்க்காமலே பென்சிலால் வரைந்தார். “மூன்று சுற்று. இரண்டில்லை, மூன்று” என்றார். அந்த ஒரு சுற்றுக்காக ராத்திரி பதினொன்றரை மணிக்குப் பழைய புத்தகங்களை எல்லாம் இழுத்துப் போட்டோம். 1900க்கு முந்தின ஒரு படத்தில் மூன்று சுற்று இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “சரி, பழைய ஆள்தான்” என்று பாட்டிலை மூடினார். எனக்குத்தான் அழுகை வந்தது, அவருக்கு இல்லை.

இதிலிருந்து உங்களுக்குத் தெரிந்திருக்கும், எழுதுவது பெரிய வேலையில்லை. ஏற்கனவே எழுதியது எதிலும் இது இல்லை என்று காட்டுவதுதான் பெரிய வேலை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் அருங்காட்சியகம் நடத்தும் உலகச் சிலந்திப் பட்டியலில் 2022 ஏப்ரலில் இனங்களின் எண்ணிக்கை ஐம்பதாயிரத்தைத் தொட்டது. அத்தனையையும் ஒப்பிட வேண்டாம், பக்கத்துச் சொந்தங்களை மட்டும். ஆனால் அந்தச் சொந்தங்கள் லத்தீனில், பிரெஞ்சில், ஜெர்மனில் சிதறிக் கிடக்கும். சில விவரிப்புகள் நாலே வரி. “பழுப்பு நிறம், கால்களில் முடி” என்று எழுதிவிட்டுப் போய்விட்ட பெரியவர்களை என்ன செய்வது? அவர்கள் பார்த்த உடலையே பாரிஸிலோ லண்டனிலோ தேடிப் போய்ப் பார்க்க வேண்டியதுதான்.

அதனால் இப்போதைய கட்டுரைகளில் நீண்ட விவரிப்புக்கு முன்னால் ஒரு சின்னப் பத்தி வரும். இது இன்னதைப் போல இருக்கும், ஆனால் பால்ப்பின் முள் வளைந்திருப்பதால் அதிலிருந்து வேறுபடும் என்கிற மாதிரி. என்னைக் கேட்டால் மொத்தக் கட்டுரையிலும் உயிரான பகுதி அதுதான்.

துறவிச் சிலந்தியில் கூடுதலாக ஒரு தொல்லை. ஆண் பெண்ணை விட மிகச் சின்னது. அந்த ‘மலபாரென்சிஸ்’ சிலந்தியில் ஆண் சேர்க்கையின்போது தன் பால்ப்பையே ஒடித்துப் பெண்ணிடம் விட்டுவிட்டு உயிர் தப்பி ஓடுகிறது, ஒடிந்த துண்டு அங்கேயே இருந்து மிச்ச விந்தைச் செலுத்துகிறது என்று 2012இல் ஓர் ஆய்வு வந்தது. ஆகவே வலையோரத்தில் கஷ்டப்பட்டு ஓர் ஆணைப் பிடித்தால், இனம் சொல்வதற்கு வேண்டிய உறுப்பு மட்டும் அதனிடம் இருக்காது.

கேள்வி: புது இனம் என்றால் அடர்ந்த காட்டில்தானே தேட வேண்டும்? — வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

உங்கள் நாட்டுக் கதையையே சொல்கிறேன். ‘கோமாச்சி’ என்ற பெரிய தங்கவலைச் சிலந்தி 2009இல் அறிவிக்கப்பட்டது. பெண்ணின் உடல் மட்டும் நாலு சென்டிமீட்டருக்குக் கிட்ட. முதலில் குன்ட்னர் அதைப் பார்த்தது 2000இல், பிரிட்டோரியாவில் ஒரு சேகரிப்பின் பாட்டிலுக்குள். உங்கள் மாகாணத்து மாபுட்டாலாந்தில் 1978இல் பிடித்துப் போட்டது, இருபது வருடத்துக்கு மேல் அலமாரியில் தூங்கியிருக்கிறது. உயிரோடு தேடிப் போனவர்களுக்குப் பல தடவை கிடைக்கவில்லை, அழிந்தே போயிற்றோ என்று பயந்தார்கள். கடைசியில் டெம்பே யானைப் பூங்காவில் கிடைத்தது. காடு, அலமாரி இரண்டிலும் தேட வேண்டும். அலமாரியில் கொசு கடிக்காது.

கேள்வி: காவடி விரதத்தில் எறும்பைக்கூட மிதிக்க மாட்டோம். ஒரு சிலந்தியைக் கண்டுபிடித்தோம் என்பதற்காகக் கொன்று பாட்டிலில் போடுவது பாவமில்லையா? — பெயர் வேண்டாம் என்ற வாசகி

எனக்கும் முதல் நாள் கை வரவில்லை. ஆய்வாளர்கள் முதலில் குளிர்பெட்டியில் வைத்து அசைவு அடங்கிய பிறகுதான் எத்தனாலில் விடுவார்கள். அப்படியும் நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. படம், மரபணுத் துளி மட்டும் போதாதா என்ற விவாதம் அவர்களுக்குள்ளேயே உண்டு. ஆனால் சிலந்தியில் பால்ப்பைத் திருப்பிப் பார்க்காமல், தகட்டை வெட்டிப் பார்க்காமல் வேலை நடக்காது. ஒன்றிரண்டு போதும் என்னும்போது இருபது பிடிப்பவரைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். தேவைக்கு ஒன்று என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

நம் தீவில் நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் பூர்வீகக் காடு இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. சீனக் கொய்யா அதை நெரித்துக்கொண்டிருக்கிறது. பழுக்கிற காலத்தில் உப்பும் மிளகாயும் கையில் வைத்துக்கொண்டு அங்கே போகிறவர்களில் நானும் ஒருத்தி, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு விஷயம் மட்டும்: தேசியப் பூங்காவுக்குள் அனுமதியில்லாமல் ஒரு கொசுவைக்கூடப் பிடித்து வரக் கூடாது. ரம் பாட்டில் வாசகரும் இதைக் கவனிக்கவும்.

கேள்வி: நான் கண்டுபிடித்தால் என் மனைவி பெயரை வைக்கலாமா? தமிழ்ப் பெயர் செல்லுமா? — வாசகர், கூர்பீப்

செல்லும். எந்த மொழிச் சொல்லும் ஆகும், லத்தீன் எழுத்தில் எழுத வேண்டும். ஆண் பெயரானால் முடிவில் ‘இ’, பெண் பெயரானால் ‘ஏ’ என்று லத்தீன் விகுதி சேரும். மும்பைத் தாக்குதலில் உயிரைக் கொடுத்த காவலர் துக்காராம் ஓம்ப்ளே நினைவாக 2021இல் மகாராஷ்டிராவின் குதிக்கும் சிலந்தி ஒன்றுக்கு ‘துக்காராமி’ என்று பெயர் வைத்தார்கள். மடகாஸ்கர் சிலந்திப் பேரினம் ஒன்று கிரெட்டா துன்பர்க்கின் பெயரைத் தாங்குகிறது. தன் பெயரையே தனக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் இல்லை, ஆனால் யாரும் செய்வதில்லை. ஊர் சிரிக்கும்.

ஆனால் பிடித்தவருக்குப் பெயர் வைக்கும் உரிமை கிடையாது. விவரித்து வெளியிடுகிறவருக்குத்தான். அவரிடம் நல்லபடியாகக் கேட்டுப் பாருங்கள். அதற்கு முன் உங்கள் மனைவியிடமும் கேளுங்கள். சிலந்திக்குத் தன் பெயர் வைப்பதை எல்லாரும் பாராட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

கேள்வி: மிஸ், மறுபடியும் நான்தான். நேற்றுக் காலை பெட்டியைத் திறந்தால் இரண்டு சிலந்தி இருந்தது. ஒன்று அசையவில்லை. தொட்டால் காகிதம் மாதிரி இருக்கிறது. செத்துவிட்டதா? — அதே மாணவன், கத்ர் போர்ன்

சாகவில்லை தம்பி, சட்டை கழற்றியிருக்கிறது. அப்படியானால் அதுவரை அது குஞ்சாகத்தான் இருந்தது என்பதும் தெரிந்துவிட்டது. வயசுக்கு வந்த வீட்டுச் சிலந்தி மறுபடி சட்டை கழற்றாது. இப்போது உடம்பு மெத்தென்று இருக்கும், இரண்டு மூன்று நாள் தீனி போடாதே, தொடாதே. பிறகு ஒரு கரப்பான் கொடு. பால்ப் நுனி முன்பைவிடக் கொஞ்சம் புடைத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுது.

அந்தச் சட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதே. கண்ணிருந்த இடம் எட்டும் அதில் ஜன்னல் மாதிரித் தெரியும், லென்ஸ் வைத்துப் பார். தீப்பெட்டியில் பஞ்சு போட்டு வை. கூடவே ஒரு சீட்டு: தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கம், கத்ர் போர்ன், நேற்றைய தேதி, உன் பெயர். பென்சிலால் எழுது.